இதயம் தளர்ந்தவருக்குக் கொலஸ்ட்ரால் குறைந்தால் சந்தோஷப்படலாமா?

எக்கோ ரிப்போர்ட்டில் பம்பிங், அதாவது இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 30 சதவீதம். அதே கோப்பில் லிப்பிட் புரொஃபைல் என்ற கொழுப்புப் பரிசோதனை: மொத்தக் கொலஸ்ட்ரால் 112, "கெட்ட கொழுப்பு" எனப்படும் எல்டிஎல் 68. லேப்காரர்கள் சிவப்பில் காட்டும் எண் ஒன்றிரண்டுதான். "கொலஸ்ட்ரால் மட்டுமாவது நல்லா இருக்கே" என்று வீட்டில் சொல்வார்கள். மாரடைப்பு வரக்கூடாதே என்று மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த வாசிப்பு சரி. இதயச் செயலிழப்பு, அதாவது ஹார்ட் ஃபெயிலியர், வருடக்கணக்கில் இருப்பவருக்கு அது பல சமயம் தப்பு. மாத்திரையோ அளவோ மாறாமல் இந்த எண்கள் தானாக இறங்கினால், கல்லீரலும் குடலும் உடம்பின் சதையும் சேர்ந்து ஏதோ சொல்ல ஆரம்பித்திருக்கின்றன என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். (எண்கள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. ஆள் கற்பனை, கணக்கு உண்மையில் வரும் மாதிரியானது.) கடலூர் முதுநகர்க்காரர், வயது 64, பழைய மாரடைப்பு, தினமும் அட்டோர்வாஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை) 20 மி.கி. இரண்டு வருடம் முன்பு மொத்தம் 168, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பு) 150, எச்டிஎல் ("நல்ல கொழுப்பு") 38, எல்டிஎல் 100. இப்போது மொத்தம் 112, டிரைகிளிசரைடு 85, எச்டிஎல் 27, எல்டிஎல் 68. மாத்திரை அதே 20 மி.கி.தான்.

ரிப்போர்ட்டின் கடைசி வரியில் மொத்தக் கொலஸ்ட்ராலை எச்டிஎல்லால் வகுத்து ஒரு விகிதம் போட்டிருப்பார்கள். முன்பு 4.4, இப்போது 4.1. "முன்னேற்றம்!" எல்லாமே சேர்ந்து சரியும்போது விகிதம் நல்லபடியாகத்தான் தெரியும். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு அந்த வரியைப் பார்க்காமல் விட்டுவிடுவது நல்லது.

இப்போது மற்ற காகிதங்களை எடுங்கள். எடை 68 கிலோவிலிருந்து 66. வெறும் 2 கிலோதானே? ஆனால் காலில் வீக்கம், வயிற்றில் உப்பசம். லேசிக்ஸ் ஊசி போட்டு நீர் இறங்கிய பிறகு எடை 61. அதாவது நீரைக் கழித்தால் உடம்பு இழந்தது 7 கிலோ, பத்து சதவீதம். கல்லீரல் செய்யும் புரதமான அல்புமின் ரத்தத்தில் 4.1 கிராமிலிருந்து 3.1. மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமியான பிலிருபின் 0.8 இலிருந்து 1.9. நீர் எடை மறைத்துவைத்ததை கொலஸ்ட்ரால் முன்பே காட்டிவிட்டது. ஒரு வருடத்துக்குள் வீக்கம் நீங்கிய எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே மருத்துவர்கள் அதை இதயநோய் வழி உடல் தேய்வு என்று சந்தேகிப்பார்கள்.

ஏன் குறைகிறது? காரணம் ஒன்றல்ல. வலது பக்க இதயம் தளரும்போது ரத்தம் பின்னோக்கித் தேங்கி கல்லீரல் வீங்குகிறது. கொலஸ்ட்ராலைச் செய்வதும், அதைச் சுமக்கும் அப்போ-பி, அப்போ-ஏ1 புரதங்களைப் பெருமளவு செய்வதும் கல்லீரல்தான். அது திணறினால் வண்டியும் குறையும், சரக்கும் குறையும். குடல் சுவரும் நீர் கோத்து வீங்குகிறது. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், சாப்பிட்ட உணவும் உடம்பில் சரியாகச் சேராது. மூன்றாவது அழற்சி. டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் ரத்தத்தில் ஏறும்போது எல்டிஎல்லும் எச்டிஎல்லும் இறங்கும். சாதாரணக் காய்ச்சலில் ஒரு வாரம் நடப்பது இவர்களுக்கு மாதக்கணக்கில் மெதுவாக நடக்கிறது. உடம்பில் நீர் கூடி ரத்தம் நீர்த்துப்போவதும் கொஞ்சம் சேரும்.

இதோடு ஒரு கருதுகோளும் உண்டு. 2000 இல் முன்வைக்கப்பட்டது. வீங்கிய குடல் சுவர் வழியாக பாக்டீரியாக்களின் நச்சு ரத்தத்துக்குள் கசிகிறது, எல்டிஎல், எச்டிஎல் துகள்கள் அந்த நச்சைப் பிடித்து அடக்கிவைக்கின்றன, துகள் குறைந்தால் நச்சு கட்டவிழ்ந்து அழற்சியைக் கூட்டுகிறது என்பது அதன் சாரம். பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை நம்பி யாரும் கொலஸ்ட்ராலை ஏற்றிச் சிகிச்சை செய்வதில்லை, செய்யவும் கூடாது.

எச்டிஎல் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. இதை "நல்ல கொழுப்பு" என்று சொல்லிப் பழகியதால் எண்ணை மட்டும் பார்க்கிறோம். இதயச் செயலிழப்பில் எண்ணும் குறைகிறது, துகளின் வேலைத்திறனும் குறைகிறது. எச்டிஎல் பொறுக்கிவந்த கொலஸ்ட்ராலை உள்ளே அடைத்து முதிர்ந்த துகளாக்கும் எல்கேட் என்ற நொதியைச் செய்வதும் கல்லீரல்தான். அது குறைந்தால் பாதி வெந்த எச்டிஎல்தான் சுற்றும். சாதாரண லேப் ரிப்போர்ட்டில் இது தெரியாது. அதனால் எச்டிஎல் 27 இலிருந்து 30 ஆனதைக் கொண்டாடவும் வேண்டாம், 25 ஆனதும் எச்டிஎல் ஏற்றும் மாத்திரை தேடவும் வேண்டாம். நியாசின் கொடுத்து எண்ணை ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வுகளிலேயே பலன் கிடைக்கவில்லை.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. 2002 இல் லாஸ் ஏஞ்சலிஸில், நோய் முற்றிய ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தபோது, கொலஸ்ட்ரால் மிகக் குறைவாக இருந்த பிரிவினரே அதிகம் இறந்தார்கள். 2003 இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் மொத்தக் கொலஸ்ட்ரால் 1 மில்லிமோல் (சுமார் 39 மி.கி.) கூடக்கூட உயிர்பிழைக்கும் வாய்ப்பு சுமார் 25 சதவீதம் கூடியது. இதைப் படித்துவிட்டு நெய்யும் தோசையுமாக இறங்குகிறவர்கள் உண்டு. குறைந்த கொலஸ்ட்ரால் இவர்களைக் கொல்லவில்லை; நோய் முற்றுவதுதான் கொலஸ்ட்ராலையும் குறைக்கிறது, ஆளையும் வாட்டுகிறது. எண்ணை மட்டும் ஏற்றினால் நோய் பின்வாங்காது.

அப்படியானால் ஸ்டாட்டின் மாத்திரை? இங்கேதான் வீட்டில் அதிகக் குழப்பம். 2007 இல் வந்த கொரோனா ஆய்வில் (வைரஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆய்வின் பெயரே அது) மாரடைப்பால் இதயம் தளர்ந்த, 60 வயது தாண்டிய 5011 பேரில் பாதிப்பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி., மீதிப்பேருக்குப் போலி மாத்திரை. எல்டிஎல் 45 சதவீதம் குறைந்தது. ஆனால் இதயநோய் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்த முக்கியக் கணக்கில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்வது மட்டும் குறைந்தது. அடுத்த வருடம் இத்தாலியில் 4574 பேரிடம் நடந்த கிஸ்ஸி ஆய்வில் ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் 29 சதவீதம், போலி மாத்திரைக்காரர்களில் 28 சதவீதம் என்று இறப்பு ஏறக்குறைய சமம். ஸ்டாட்டினால் கூடுதல் கேடும் இல்லை. கொலஸ்ட்ராலைக் குறைத்தால் ஹார்ட் ஃபெயிலியர் மோசமாகும் என்ற பயத்துக்கு அதுவே பதில். கொரோனா ஆய்வை உள்ளே பிரித்துப் பார்த்தபோது, என்டி-புரோபிஎன்பி (இதயம் திணறும்போது ரத்தத்தில் ஏறும் பொருள்) குறைவாக இருந்தவர்களுக்கு, அதாவது நோய் இன்னும் முற்றாதவர்களுக்கு, மாத்திரை பலன் தந்தது.

நடைமுறையில் இப்படி வரும். பழைய மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ் உள்ளவர் ஏற்கெனவே ஸ்டாட்டின் சாப்பிட்டால் தொடர வேண்டும். எல்டிஎல் 68 ஆகிவிட்டதென்று வீட்டிலேயே நிறுத்தக்கூடாது. வால்வு நோயாலோ, பிரசவத்தை ஒட்டியோ, மதுவாலோ இதயம் தளர்ந்தவருக்கு, வேறு காரணம் இல்லாதபோது, ஹார்ட் ஃபெயிலியருக்காகவே புதிதாக ஸ்டாட்டின் ஆரம்பிக்கத் தேவையில்லை. ஐரோப்பிய வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. நம் பக்கம் மாரடைப்பு வழியாக வருகிறவர்களே அதிகம். 2013 இல் திருவனந்தபுரம் பதிவேட்டில் சேர்ந்த 1205 பேரில் 72 சதவீதத்தினருக்கு ரத்தக்குழாய் அடைப்புதான் காரணம். அதனால் கோப்பில் ஸ்டாட்டின் இருப்பது பெரும்பாலும் சரியான காரணத்துக்காகத்தான். உடம்பு மிகவும் தேய்ந்து, சதை வலி எடுத்து, எல்டிஎல் 40க்குக் கீழே தானாகப் போய்விட்டால் அளவைக் குறைப்பதா என்று இதய மருத்துவர் யோசிப்பார். அது அவர் முடிவு.

இனி ரத்தம் எடுக்கும் விஷயம். தப்பு அதிகம் நடப்பது இங்கேதான்.

முதலில் நேரம். மூச்சிரைப்போடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த மூன்றாம் நாள் எடுத்த லிப்பிட் புரொஃபைலை அடிப்படை எண்ணாக வைக்கக்கூடாது. மாரடைப்பானால் முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்தது ஓரளவு நம்பகமானது. பிறகு எல்டிஎல் இறங்கி வாரக்கணக்கில் கீழேயே கிடக்கும். டிஸ்சார்ஜ் ஆகி, நீர் இறங்கி, எடை ஒரே மாதிரி நின்ற பிறகு 6 முதல் 8 வாரம் கழித்து எடுப்பதே ஒப்பிட உதவும்.

அடுத்தது உட்கார்ந்திருக்கும் நிலை. நின்றுகொண்டிருந்தவர் 20 நிமிடம் படுத்தால் திசுவில் இருந்த நீர் ரத்தக்குழாய்க்குள் திரும்பி, கொலஸ்ட்ரால் சுமார் 10 சதவீதம் குறைவாகக் காட்டும். வார்டில் படுத்தபடி எடுத்த 130ஐயும், ஓபியில் நடந்துவந்து உட்கார்ந்த கையோடு எடுத்த 144ஐயும் ஒப்பிட்டு "ஏறிவிட்டது" என்று மருந்து கூட்டினால் எப்படி? ஐந்து நிமிடம் உட்காரவைத்து, எப்போதும் அதே நிலையில் எடுக்க வேண்டும். கையில் கட்டும் ரப்பர் பட்டியை ஒரு நிமிடத்துக்குள் தளர்த்த வேண்டும். நரம்பு கிடைக்கவில்லையென்று ஐந்து நிமிடம் கட்டிவைத்தால் எண் 10 சதவீதம் வரை ஏறிவிடும். வீங்கிய கையில் நரம்பு தேடுகிறவர்கள் இதை அடிக்கடி மறக்கிறார்கள். டிரிப்ஸ் ஏறும் கையில் எடுக்கவே கூடாது.

பரிசோதனை முறையிலும் பொறி உண்டு. நம் லேப்களில் பெரும்பாலும் நொதி முறைதான்: கொலஸ்ட்ரால் ஆக்சிடேஸ் வேலைசெய்து ஹைட்ரஜன் பெராக்சைடு வரும், அது கூடவே சேர்த்த வேதிப்பொருளைச் சாயமாக மாற்றும், நிறத்தின் அடர்த்தியை 500 நானோமீட்டர் பக்கத்தில் அளப்பார்கள். பெராக்சைடை நடுவில் யாராவது பறித்துக்கொண்டால் நிறம் குறையும், எண் பொய்யாக இறங்கும். பறிப்பவர்களில் பிலிருபின் உண்டு. கல்லீரல் தேங்கி மஞ்சள் காமாலை தட்டியவருக்கு இது பொருந்தும். அதிக அளவில் எடுக்கும் வைட்டமின் சியும் உண்டு. ஆஞ்சியோவை ஒட்டிச் சிறுநீரகப் பாதுகாப்புக்கு என்று சில இடங்களில் நரம்பில் ஏற்றும் அசிட்டைல்சிஸ்டைனும் உண்டு. அந்த மருந்து ஓடும்போது எடுத்த சாம்பிளை லேப் ஆட்கள் திரும்பக் கேட்டால் கோபப்படாதீர்கள்.

வெறும் வயிறு கட்டாயமா? பண்ருட்டியிலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து கோரிமேடு ஜிப்மருக்கு வருகிறவர்கள் இதற்காகவே முந்தைய இரவு ஏழு மணிக்குச் சாப்பாட்டை முடித்து, காலை மாத்திரையையும் விட்டுவிட்டு வருகிறார்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் உள்ளவருக்கு இது ஆபத்து. 2016 இன் ஐரோப்பியக் கூட்டறிக்கைப்படி வழக்கமான சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் டிரைகிளிசரைடு சராசரியாக 26 மி.கி. கூடும், எல்டிஎல் 8 மி.கி. குறையும். முடிவை மாற்றும் வித்தியாசம் இல்லை. சாப்பிட்டு எடுத்ததில் டிரைகிளிசரைடு 440க்கு மேல் போனால் மட்டும் வெறும் வயிற்றில் திரும்ப எடுக்கலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கூடவே கேட்டிருந்தால் பட்டினி தேவை. அப்போதும் தண்ணீரும், மருத்துவர் நிறுத்தச் சொல்லாத இதய மாத்திரைகளும் உண்டு.

எல்டிஎல் எண்ணைப் பல லேப்கள் நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். 1972 இல் வந்த ஃப்ரீட்வால்டு சூத்திரம் இது. டிரைகிளிசரைடு 400 தாண்டினால் உதவாது. அதற்குக் கீழேயும், எல்டிஎல் குறைவாகவும் டிரைகிளிசரைடு அதிகமாகவும் இருப்பவருக்கு உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். நம்மூர் உடம்புவாகு, அதாவது தொப்பை, சர்க்கரை, ஏறிய டிரைகிளிசரைடு, இறங்கிய எச்டிஎல், இந்தச் சூத்திரத்துக்குச் சரிப்பட்டு வராத வகை. மொத்தம் 140, டிரைகிளிசரைடு 320, எச்டிஎல் 28 என்று வையுங்கள். எல்டிஎல் 48 என்று வரும். "இலக்கு 55க்குக் கீழே, வந்துவிட்டது" என்று தோன்றும். மொத்தத்தில் எச்டிஎல்லை மட்டும் கழியுங்கள்: 112. இதுதான் நான்-எச்டிஎல். எல்டிஎல் இலக்கோடு 30ஐக் கூட்டினால் இதன் இலக்கு, அதாவது 85. எட்டவே இல்லை! என் கணக்கில் இதயச் செயலிழப்பு உள்ளவரின் கோப்பில் எழுதிவைக்க வேண்டிய எண் நான்-எச்டிஎல்தான். கூடுதல் செலவு இல்லை, சூத்திரக் கோளாறும் இல்லை. செலவு செய்ய முடிந்தால் அப்போ-பி.

புதுச்சேரியில் இன்னொன்றைக் கேட்டே ஆக வேண்டும்: மது. அது டிரைகிளிசரைடையும் ஏற்றும், எச்டிஎல்லையும் ஏற்றும். பம்பிங் 25, ஆனால் எச்டிஎல் 62 என்று வந்தால் "நல்ல கொழுப்பு நிறைய" என்று மகிழ்வதற்கு முன் ஜிஜிடி என்ற கல்லீரல் நொதியின் எண்ணையும், ரத்த அணுக்களின் அளவைச் சொல்லும் எம்சிவியையும் பாருங்கள். மதுவால் தளர்ந்த இதயமாக இருந்தால், குடியை அடியோடு விட்டவர்களில் பலருக்குப் பம்பிங் கணிசமாகத் திரும்புகிறது. அவருக்கு எச்டிஎல் 62 இலிருந்து 45க்கு இறங்குவது நல்ல செய்தி.

பிரெஞ்சு பென்ஷன் வீடுகளில் வேறொரு குழப்பம். பாரிஸ் போய்வந்தவரின் ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் 1.42 என்று லிட்டருக்குக் கிராம் கணக்கில் இருக்கும். நூறால் பெருக்கினால் நம் எண்: 142. வளைகுடாவிலிருந்து வருவது மில்லிமோல்; கொலஸ்ட்ரால் வகைகளை 38.67ஆலும், டிரைகிளிசரைடை 88.57ஆலும் பெருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண்ணால் பெருக்கிவிடுவதுதான் வழக்கமான தவறு.

மருந்துகளும் எண்ணை அசைக்கும். நீர் மாத்திரைகள், குறிப்பாக தயசைடு வகை, எல்டிஎல்லையும் டிரைகிளிசரைடையும் கொஞ்சம் ஏற்றும். துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் டிரைகிளிசரைடை ஏற்றி எச்டிஎல்லைச் சற்று இறக்கும். அதே வகையான கார்வெடிலால் அப்படிச் செய்வதில்லை. சர்க்கரைக்கும் இதயத்துக்கும் தரும் டாப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எல்டிஎல்லை லேசாக ஏற்றும். இதற்காக எதையும் நிறுத்தக்கூடாது. உயிர்காக்கும் பலன் இந்தச் சில்லறை ஏற்றத்தைவிடப் பல மடங்கு பெரிது. கவனிக்க வேண்டியது துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன். தைராய்டை மந்தமாக்கி எல்டிஎல்லைத் திடீரென்று ஏற்றும். அந்த மாத்திரையில் இருப்பவருக்குக் கொலஸ்ட்ரால் காரணமில்லாமல் ஏறினால் ஸ்டாட்டினைக் கூட்டுமுன் டிஎஸ்எச் என்ற தைராய்டு பரிசோதனை பார்க்க வேண்டும். அமியோடரோனோடு சிம்வாஸ்டாட்டின் 20 மி.கி.க்கு மேல் கூடாது, தசை சிதையும். ரோசுவாஸ்டாட்டின் புதிதாகச் சேர்த்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் சாப்பிடுகிறவருக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு) ஏறலாம், ஓரிரு வாரத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். ஹார்ட் ஃபெயிலியருக்குத் தரும் சாக்குபிட்ரில்-வால்சார்ட்டன் அட்டோர்வாஸ்டாட்டினின் ரத்த அளவைக் கூட்டும். தொடை வலி, சிறுநீர் கறுப்பது என்றால் தசைச் சிதைவைக் காட்டும் சிகே பரிசோதனை.

சாப்பாடு. கொலஸ்ட்ரால் சரிந்து, எடை தேய்ந்தவரைப் போய் "எண்ணெய் வேண்டாம், முட்டை வேண்டாம், மீன் வேண்டாம்" என்று கஞ்சியில் நிறுத்துவது இன்னும் தேய்க்கும். இவர்களுக்குக் குறைக்க வேண்டியது உப்பு, நாளைக்கு 5 கிராமுக்குள். புரதம் வீக்கமில்லாத எடைக்குக் கிலோவுக்கு 1.1 கிராமாவது வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு மட்டும் மருத்துவர் சொல்லும் அளவு. மேலே பார்த்த 61 கிலோக்காரருக்கு 67 கிராம். முட்டை ஒன்றில் 6, மீன் 100 கிராமில் சுமார் 20, ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7. மூன்று வேளையில் திணித்தால் வீங்கிய குடல் ஏற்காது, ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரிக்க வேண்டும். கடலூர் துறைமுகத்து மத்தி மலிவு, ஒமேகா-3 உள்ளது. குழம்பாகவோ வேகவைத்தோ சாப்பிடலாம். கிஸ்ஸி ஆய்வில் தினம் 1 கிராம் ஒமேகா-3 மாத்திரை இறப்பை 29 இலிருந்து 27 சதவீதமாகக் குறைத்தது, சிறிய பலன்தான். அதிக அளவு மாத்திரை இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும் என்பதால் கடையில் தானாக வாங்கி விழுங்க வேண்டாம். அதே மத்தி கருவாடானால் கதை வேறு. கொழுப்புக்காக இல்லை, உப்புக்காக. பண்ருட்டி முந்திரி உப்புப் போடாததாக ஒரு கைப்பிடி தாராளமாக.

எல்பி(ஏ) என்ற லிப்போபுரோட்டீன்-ஏயை வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். அது பெரும்பாலும் பரம்பரை. 50 மி.கி.க்கு மேல் இருந்தால் பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும். மற்ற லிப்பிட் எண்கள் நிலையாக இருப்பவருக்கு வருடத்துக்கு ஒருமுறை, ஸ்டாட்டின் அளவு மாறினால் 4 முதல் 12 வாரத்தில். டிரைகிளிசரைடு ஆளுக்குள்ளேயே 20 சதவீதம் ஆடும், ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். ரிப்போர்ட்டின் பின்பக்கம் அன்றைய எடை, கால் வீக்கம் உண்டா, இரவில் எத்தனை தலையணை, நீர் மாத்திரை எத்தனை மி.கி., அல்புமின், பிலிருபின் ஆகியவற்றைப் பேனாவால் எழுதி, பழைய இரண்டு ரிப்போர்ட்டோடு சேர்த்து நீட்டுங்கள். இடையில் மூன்று நாளில் எடை 2 கிலோ ஏறினால் லிப்பிட் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.